ஊர்வலம் வேண்டாம், ஒரு தாள் போதும்: பாசல் தமிழ் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

சுவிட்சர்லாந்தின் பாசல் வட்டாரத்துத் தமிழ் மன்றங்கள், தமிழ்ப் பாடசாலைகள், ஆலய நிர்வாக சபைகள், விளையாட்டுக் கழகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

கோடைச் சுற்றுலா எங்கே என்று நீங்கள் கூடிப் பேசும் காலம் இது. வழக்கம்போல ரைன் நீர்வீழ்ச்சி, இல்லாவிட்டால் ஒரு பனிமலை. பெரிய பஸ், சோற்றுப் பார்சல், திரும்பி வரும்போது பாட்டு. அதற்கு நான் எதிரி அல்ல. ஆனால் அந்தச் செலவில் ஒரு சிறு துண்டை எடுத்து இன்னொரு காரியமும் செய்யுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பாசலைச் சுற்றி ஒரு குடும்பம் யாருடைய துணையும் இல்லாமல் தானாகவே சைக்கிளில் போய்வரக்கூடிய பாதைகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

பாதை போடும் வேலை உங்களுக்கு இல்லை. அதை சுவிஸ் எப்போதோ செய்து முடித்துவிட்டது. 1998இல் ஒன்பது தேசிய சைக்கிள் பாதைகளைத் திறந்தார்கள். சந்திக்குச் சந்தி நிற்கும் சிவப்புப் பலகைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஓர் இலக்கம் இருந்தால் தேசியப் பாதை, இரண்டு இலக்கம் என்றால் பிராந்தியப் பாதை, மூன்று என்றால் உள்ளூர்ப் பாதை. ஆல்ப்ஸ் மலையில் உள்ள அந்திர்மாத்திலிருந்து ரைன் கரையோடு வரும் 2ஆம் பாதை பாசலில் முடிகிறது. இத்தாலி எல்லையில் உள்ள கியாசோவுக்குப் போகும் 3ஆம் பாதை இங்கே தொடங்குகிறது. நீல நிறத்தில் மஞ்சள் நட்சத்திர வட்டத்தோடு 6 என்றும் 15 என்றும் கண்டால் அவை ஐரோப்பிய நெடும்பாதைகள். 6 பிரான்சின் நாந்த் நகரிலிருந்து கருங்கடல் வரை போவது. 15 ரைன் நதி பிறக்கும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம் வரை போவது. இரண்டும் நம் வீட்டு வாசலால்தான் போகின்றன.

பிள்ளைகளுக்கு இது தெரியும். அவர்களிடம் தொலைபேசிச் செயலி இருக்கிறது. தெரியாதவர்கள் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். இதில்தான் எனக்கு ஆற்றாமை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தை சைக்கிளிலேயே நடத்திக் காட்டிய தலைமுறை அது. பாரில் ஒரு பிள்ளை, கரியரில் அரிசி மூட்டை, ஹாண்டிலில் மண்ணெண்ணெய்க் கான். பெண்பிள்ளைகள் ரியூசனுக்கு ஒழுங்கை முழுக்க வரிசையாகப் போவார்கள். டபிள்ஸ் ஏற்றி மேட்டில் மிதித்த அதே ஆட்கள் இங்கே வந்து முப்பது ஆண்டாக ட்ராமுக்குக் காத்து நிற்கிறார்கள். கேட்டால், கால் வலி என்று சொல்கிறவர்கள் குறைவு. இங்கத்தைய சட்டம் தெரியாது, தண்டவாளம் பயம், வழி தெரியாது, எல்லை தாண்டினால் என்ன ஆகுமோ என்பவர்கள்தான் கூட. நான்கும் ஒரு தாளில் தீரக்கூடிய பயங்கள்.

வழியிலிருந்து தொடங்கலாம். எல்லோருக்கும் பிடிக்கப் போவது மூன்று நாட்டுச் சுற்று. நடுப்பாலத்தில், வலக்கரையான கிளைன்பாசல் பக்கம் இறங்கி, ஆறு ஓடும் திசையிலேயே ரைன் கரையால் போக வேண்டும். கோடை மாலையில் அந்தக் கரை முழுக்க நீந்த வந்தவர்கள் ஈர உடம்போடு நடப்பார்கள். அந்த நேரம் இறங்கித் தள்ளுவதே மரியாதை. ட்றைரோசன் பாலத்தைக் கடந்தால் கிளைன்ஹூனிங்கன் துறைமுகம். அங்கே சரக்கு ரயிலின் தண்டவாளங்கள் வீதிக்குக் குறுக்கே கிடக்கும், கவனம். மூன்று நாடுகளும் சந்திக்கும் இடம் என்று எல்லோரும் படம் எடுக்கும் உலோகத் தூண் துறைமுகத்தின் நுனியில் நிற்கிறது. உண்மையான சந்திப்புப் புள்ளி ஆற்றின் நடுவில், தண்ணீருக்குள். துறைமுகத்தைச் சுற்றி வெளியேறினால் ஜெர்மனியின் வைல் அம் ரைன். எட்டாம் இலக்க ட்ராமில் சாமான் வாங்கப் போவீர்களே, அந்தக் கடைகளுக்குப் பக்கத்தில்தான் 2007இல் திறந்த மூன்று நாட்டுப் பாலம் இருக்கிறது. 248 மீற்றர் நீளம், ஒரே வளைவு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். பை நிறையக் கோழி இறைச்சியோடு அதைப் பார்த்துவிட்டு மறுபடி ட்ராம் ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பாலத்தின் மறுபக்கம் பிரான்சின் ஹூனிங். அங்கிருந்து இடக்கரையால் மேல்நோக்கித் திரும்பினால் பழைய சங்க்ட் யோகான் துறைமுகம் இருந்த இடத்தில் 2016இல் திறந்த கரைப்பாதை நேரே பாசலுக்குள் கொண்டுவந்து விடும். முழுச் சுற்றும் பத்துக் கிலோமீற்றருக்கு உட்பட்டது, ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நேரம் இருப்பவர்கள் ஹூனிங்கிலிருந்து கால்வாய் ஓரமாக வடக்கே போனால் சிறிய கமார்க் என்ற ஈரநிலக் காப்பகம் வரும். கொக்கு நாரை பார்க்க விருப்பமுள்ளவர்கள் சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே நடக்கலாம்.

இந்தச் சுற்றில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று நாட்டுச் சட்டம் மாறுகிறது. தாளில் கட்டாயம் இருக்க வேண்டியது இதுதான். சுவிஸில் சாதாரண சைக்கிளுக்குத் தலைக்கவசம் கட்டாயம் இல்லை. பாலத்தைத் தாண்டி பிரான்சில் கால் வைத்ததும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, பின் இருக்கையில் இருந்தாலும், கட்டாயம். அங்கே காதில் இயர்போன் வைத்துக்கொண்டு ஓடுவதும் குற்றம். ஜெர்மனியில் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை நடைபாதையில், அல்லது வீதியிலிருந்து பிரித்த சைக்கிள் பாதையில்தான் ஓட வேண்டும். கூடப் போகும் பெரியவரும் நடைபாதையில் ஓடலாம். சுவிஸில் 2021இலிருந்து, சைக்கிள் பாதை இல்லாத இடத்தில் 12 வயது வரை பிள்ளைகளுக்கு நடைபாதை அனுமதி உண்டு, ஆனால் பெரியவர்களுக்கு இல்லை. அதே ஆண்டிலிருந்து, சிவப்பு விளக்கு எரியும்போதும் வலப்பக்கம் திரும்பலாம், மஞ்சள் சைக்கிள் அடையாளப் பலகை இருக்கும் சந்தியில் மட்டும். பலகை இல்லாத இடத்தில் திரும்பினால் தண்டம்.

இடப்பக்கம் ஓடிப் பழகியவர்களுக்கு இன்னொன்று: பலகையும் கோடும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்தால் வருபவருக்கே முன்னுரிமை. அவர் சின்ன ஒழுங்கையிலிருந்து வந்தாலும் சரி. ட்ராம் தண்டவாளத்தைச் சாய்வாக வெட்டினால் சில்லு இடுக்கில் இறங்கும், ஆள் விழுவது நிச்சயம். முடிந்தவரை நேர்க்குறுக்காக, மழையில் இன்னும் மெதுவாக.

இனி எல்லை. சபைக் கூட்டங்களில் யாரும் வாய் திறந்து பேசாத விசயம் இது, ஆகவே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். தங்களுக்கிடையே வழமையான எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் ஒப்பந்தத்தில் சுவிஸ் 2008இல் சேர்ந்தது. பி, சி என்ற வதிவிட அனுமதி உள்ளவர்கள் கடவுச்சீட்டையும் அனுமதி அட்டையையும் கையில் வைத்திருந்தால் போதும். எஃப் அனுமதி (தற்காலிகமாகத் தங்க விடப்பட்டவர்கள்), என் அனுமதி (தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்கள்) உள்ளவர்களுக்கு அப்படி இல்லை. பாலத்தைத் தாண்டினாலே அது வெளிநாட்டுப் பயணம்தான், முன்கூட்டி அனுமதி எடுக்க வேண்டும். ஜெர்மனி 2023 ஒக்ரோபரிலிருந்து இந்த எல்லையில் மறுபடி சோதனை செய்கிறது. மூன்று நாட்டுச் சுற்றை மன்றத்தின் நிகழ்ச்சியாக அறிவித்து, 'எல்லோரும் வாருங்கள்' என்று அழைத்தால், வர முடியாதவர் காரணம் சொல்லாமல் வீட்டில் இருந்துவிடுவார். நான் ஊர்வலம் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இது. தாள் என்றால் அவரவர் வீட்டில் வைத்து, தனக்கு ஏற்ற பாதையைத் தானே தெரிந்தெடுப்பார்.

இரண்டாவது காரணம் நம்முடைய பழக்கம். ஐம்பது பேர் சேர்ந்தால் பதாகை வரும், ஒரே நிற ரீசேட் வரும், வரவேற்புரையும் நன்றியுரையும் வரும். புறப்பட பதினொரு மணியாகும். ஐம்பது சைக்கிள் ஒன்றாக ரைன் கரையில் இறங்கினால் ஊர்க்காரர் முகம் சுளிப்பதும் நியாயம்.

சுவிஸ் எல்லைக்குள்ளேயே முடியும் பாதைகள் குறைந்தவை அல்ல. கிழக்கே 2ஆம் பாதையைப் பின்னோக்கிப் பிடித்து பிர்ஸ்பெல்டன் நீர்மின் நிலையம், ஹார்ட் காடு, ஔக்ஸ்ட் வழியாக ரைன்பெல்டன் போகலாம். சுமார் 20 கிலோமீற்றர். களைத்தவர்கள் திரும்பும்போது ரயில் ஏறலாம், சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுக்க மறக்காமல். வழியில் ஷ்வைற்சர்ஹாலே. 1986 நவம்பர் முதலாம் தேதி சண்டோஸ் இரசாயனக் கம்பனியின் களஞ்சியம் எரிந்ததும், தீயணைத்த தண்ணீரோடு நஞ்சு கலந்து ரைன் சிவப்பாக ஓடியதும், விலாங்கு மீன்கள் செத்து மிதந்ததும் அந்தக் காலத்தில் வந்து சேர்ந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அதே ஆற்றில் பேரப்பிள்ளைகள் நீந்துகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. ஔக்ஸ்டில் ரோமர் கட்டிய அரங்கு இருக்கிறது. கல்படிகளில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கலாம்.

வடகிழக்கே வீஸ ஆற்றோரம் லாங்க எர்லன் காடு. முதலில் பழகுபவர்களுக்கு இதுதான் நல்லது: தட்டை, நிழல், கார் இல்லை. உள்ளே இலவச விலங்குப் பூங்கா, அப்படியே ரீகன் வரை போகலாம். நான் இந்தப் பாதையில் அடிக்கடி நிற்பது வேறொரு காரணத்துக்காக. ரைன் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டு நிலத்தில் பாயவிட்டு, மண் வடிகட்டிக் கொடுப்பதைத்தான் பாசல் குடிக்கிறது. இந்தக் காட்டிலும் ஹார்ட் காட்டிலும் அந்த வேலை நடக்கிறது. தண்ணீர் தேங்கி நிற்கும் மரக்கூட்டத்தைக் காட்டி 'எங்கள் வீட்டுக் குழாய் இங்கேதான் தொடங்குகிறது' என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் தொலைபேசியிலிருந்து தலை நிமிர்த்தும்.

தமிழ்ப் பாடசாலைகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மூத்த வகுப்பு மாணவர்களிடம் இந்தத் தாளை எழுதக் கொடுங்கள். அவர்களுக்குப் பாதை தெரியும், தமிழ் தடுமாறும். பெற்றோருக்குத் தமிழ் தெரியும், பாதை தெரியாது. வகுப்பில் எழுதும் கட்டுரைகளைவிட இதற்குக் கூடுதலான வாசகர்கள் இருப்பார்கள். பெண்களுக்குப் பயிற்சி தேவை என்றால் புரோ வேலோ என்ற சைக்கிள் அமைப்பு வகுப்புகள் நடத்துகிறது. கேட்டு எழுதுங்கள், மொழிபெயர்க்க ஒருவரை நீங்கள் அனுப்புங்கள்.

இன்னொரு காரியத்துக்கும் காலக்கெடு இருக்கிறது. 2018 செப்ரெம்பர் 23ஆம் தேதி சைக்கிள் பாதைகளை அரசியலமைப்பில் சேர்க்க 73.6 வீதம் பேர் வாக்களித்தார்கள், குடியுரிமை பெற்ற நம்மவர்களும் அதில் உண்டு. அதன்படி வந்த சட்டம் 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாநிலங்கள் 2027 முடிவுக்குள் சைக்கிள் பாதை வலையமைப்பைத் திட்டமிட வேண்டும், 2042 முடிவுக்குள் கட்ட வேண்டும். எந்தச் சந்தியில் பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டிய நேரம் இது. வாக்குரிமை இல்லாதவரும் மனு எழுதலாம். அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு அந்த உரிமையை எல்லோருக்கும் கொடுக்கிறது. தாளின் கடைசியில் நான்கு வெற்றுக் கோடு விட்டு, 'நீங்கள் ஓடப் பயப்படும் இடங்கள்' என்று தலைப்புப் போடுங்கள். நிரப்பிய தாள்களைச் சேர்த்து, ஜெர்மன் மொழியில் சுருக்கி, மாநிலத்தின் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்புவது மன்றங்களின் பொறுப்பு.

முதல் தாளில் வீஸ பாதை மட்டும் போதும், அதுவும் பாடசாலை விடுமுறை தொடங்கு முன். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். படிக்கப் போகிறவர்கள் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்கள். விளம்பரதாரர் படங்களைப் பின்பக்கத்துக்குத் தள்ளுங்கள், வரைபடத்தின் மேல் வேண்டாம்.

நன்றியுடன்,
கிளைன்பாசலில் வசிக்கும் ஒரு சைக்கிள்காரன்