பரந்தூருக்கு முன் மீனம்பாக்கக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் இரண்டாவது விமான நிலையமாகத் திட்டமிடப்பட்டுள்ள பரந்தூர் விமான நிலையம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "பெங்களூரும் ஹைதராபாத்தும் நம்மைத் தாண்டிப் போய்விட்டன" என்பதுதான் முதல் வாதமாக வருகிறது. தாண்டியது உண்மை. 2018-19இல் சென்னை சுமார் 2.25 கோடி பயணிகளைக் கையாண்டது. ஹைதராபாத் அதற்குச் சற்றுப் பின்னால் இருந்தது. 2023-24இல் சென்னை 2.12 கோடியில் நிற்க, ஹைதராபாத் 2.5 கோடிக்கும் பெங்களூரு 3.75 கோடிக்கும் போய்விட்டன. ஆனால் மீனம்பாக்கம் நிரம்பி வழிந்ததால் இது நடக்கவில்லை. 2023 ஏப்ரலில் 1,260 கோடி ரூபாய் செலவில் புதிய முனையம் திறக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளலாம் என்று அறிவித்தார்கள். அந்த எண்ணைத் தொடாமலேயே பின்தங்கியிருக்கிறோம்.

முனையத்தின் கொள்ளளவு வேறு, ஓடுபாதையின் கொள்ளளவு வேறு. அரசியல் மேடைகளில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். மீனம்பாக்கத்தில் முதன்மை ஓடுபாதை சுமார் 3.66 கி.மீ., இரண்டாவது 2.89 கி.மீ. நீளம். இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஒன்றில் இறங்கும் விமானம் அந்தச் சந்திப்பைக் கடக்கும்வரை மற்றதில் விமானத்தை ஓடவிட முடியாது. எனவே பெயருக்கு இரண்டு இருந்தாலும் வேலையில் பெரும்பகுதியை ஒன்றுதான் சுமக்கிறது.

இங்கே நொடிகள்தான் கணக்கு. ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 120 நொடி பிடித்தால் மணிக்கு 30 விமானம். 80 நொடியாகக் குறைத்தால் 45. 72 ஆக்கினால் 50. இறங்கிய விமானம் செங்கோணத்தில் திரும்பும் பாதை வழியாக வெளியேற வேண்டுமென்றால், மிகக் குறைந்த வேகத்துக்குத் தணிய வேண்டும். சுமார் 30 டிகிரியில் சாய்வாகப் பிரியும் விரைவு வெளியேறு பாதை சரியான இடத்தில் இருந்தால் வேகம் முழுதும் குறையும் முன்பே ஓடுபாதையை விட்டுவிடலாம். அப்படி வெளியே வந்தாலும் 'பே', அதாவது விமானம் நிறுத்தும் இடம், காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விமானம் ஓடுபாதைக்கும் 'பே'க்கும் இடையிலான டாக்ஸிவே என்ற இணைப்புப் பாதையில் காத்து நிற்கும். பின்னால் வருவது வானத்தில் வட்டமடிக்கும். மணிக்கு 45, பிறகு 50 என்ற இலக்கு மீனம்பாக்கத்துக்குப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது.

மும்பையிலும் ஓடுபாதைகள் இப்படித்தான் குறுக்கிடுகின்றன. அங்கே மணிக்கு 46 விமானங்கள்வரை இயக்கி, ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் பயணிகளைக் கையாள்கிறார்கள். அதோடு மும்பை திணறுகிறது, நவி மும்பை தேவைப்பட்டது என்பதும் உண்மைதான். சென்னைக்கும் இரண்டாவது விமான நிலையம் ஒருநாள் வேண்டியிருக்கும். அதை நான் மறுக்கவில்லை. அந்த நாள் எப்போது வரும் என்பதற்கான கணக்கைத்தான் யாரும் மக்கள் முன் வைக்கவில்லை.

இடத் தேர்வுக்கு வருவோம். மாநில அரசு படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என நான்கு இடங்களைக் கொடுத்தது. ஆய்வுக்குப் பின் பன்னூரும் பரந்தூரும் மிஞ்சின. பன்னூரில் குடியிருப்புகள் அதிகம் என்பதைக் காரணமாகச் சொல்லி, 2022 ஆகஸ்டில் பரந்தூரை அறிவித்தார்கள். வீடு குறைவாக உள்ள இடம் என்றால் நமது மாவட்டங்களில் பெரும்பாலும் வயலும் ஏரியும் உள்ள இடம் என்று பொருள். வீடுகளை எண்ணியதுபோல ஏரியின் மதகுகளையும், உபரிநீர் வழியும் கலங்கல்களையும் யாராவது எண்ணினார்களா?

ஓடுபாதைக்கு நிலம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தால் சிக்கல் புரியும். பெரிய விமானங்களுக்கான ஓடுபாதையின் மொத்த நீளச் சரிவு 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் குறைந்தது 75 மீட்டர் வரை திறந்த பள்ளமோ வாய்க்காலோ இல்லாமல் சமன் செய்ய வேண்டும். இரண்டு ஓடுபாதைகளில் ஒரே நேரத்தில் தனித்தனியாக விமானங்கள் இறங்க, அவற்றுக்கிடையே குறைந்தது 1,035 மீட்டர் இடைவெளி வேண்டும். ஏரிப் பாசனம் நேர் எதிரானது. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று, கண்ணுக்குத் தெரியாத சிறு சரிவை நம்பித்தான் நீர் நகர்கிறது. அந்தச் சரிவின் குறுக்கே கிலோமீட்டர் கணக்கில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் நீர் அடியில் குழாய் வழியாகப் போக வேண்டும் அல்லது சுற்றிப் போக வேண்டும். குழாயில் வண்டல் அடைக்கும். சுற்றுக் கால்வாயில் தூரம் கூடுவதால் சரிவு இன்னும் குறையும். திருப்பங்களில் மண் படியும். பெருமழையில் அங்கேதான் கரை உடையும்.

"ஏரிகளை அப்படியே பாதுகாப்போம்" என்ற வாக்குறுதியும் எளிதல்ல. ஓடுபாதை அருகே நீர் தேங்கினால் கொக்கும் நாரையும் வரும், பறவை மோதல் அபாயம் வரும். பாதுகாப்புக் கோணத்தில், நிலையத்தை ஒட்டி நீர்நிலை இருப்பதை விமானத் துறை விரும்புவதே இல்லை. ஏரிகளின் பாதுகாப்பு, விமானங்களின் பாதுகாப்பு இரண்டில் எதை விட்டுக்கொடுப்பார்கள் என்று இப்போதே சொல்ல வேண்டும்.

இது பரந்தூரோடு முடியும் விஷயமும் அல்ல. பாலாற்று நீரை வழிநெடுக ஏரிகளுக்குக் கொடுத்து ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுசேர்க்கும் கம்பன் கால்வாய் இந்தத் திட்டப் பகுதி வழியாகத்தான் ஓடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்கும், செம்பரம்பாக்க உபரிநீர் அடையாற்றுக்கும் வருகிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு சுற்றுச்சுவரை உடைத்துக்கொண்டு புகுந்ததில் மீனம்பாக்கம் நாள்கணக்கில் மூடப்பட்டது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்க நேர்ந்தது. அடையாற்றின் மேல் பாலம் கட்டி இரண்டாவது ஓடுபாதையை நீட்டியிருக்கிறோம். மேலே பரந்தூரில் ஏரிகள் நீரைப் பிடித்துவைக்காவிட்டால், அது கீழே அந்தப் பாலத்துக்குத்தான் வந்து சேரும்.

நீர்வழி பற்றி ஆராய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் குழு அமைத்தார்கள். அதன் அறிக்கையைப் பொதுவெளியில் வைக்கும்படி கிராம மக்கள் கேட்டுவருகிறார்கள். திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரத்தின் கிராமசபை திட்டத்தை எதிர்த்து மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டிருக்கிறது. ஆனால் நிலத்தை எடுப்பது 1997ஆம் ஆண்டின் மாநிலத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தின் கீழ். 2013 மத்தியச் சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீடும், அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களுக்கான 70 சதவீத ஒப்புதலும் அதில் கட்டாயமில்லை. சென்னை-சேலம் எட்டு வழிச் சாலையை எதிர்க்கட்சியாக இருந்து எதிர்த்த திமுக, ஆட்சியில் அமர்ந்ததும் இதே வழியில் போனது எனக்குப் பெரிய வருத்தம். இடத்தைத் தேர்ந்தெடுத்தது மாநிலம், 2025 ஏப்ரலில் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது மத்திய அரசு. கேள்வி கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட வசதியாக இருக்கிறது.

இன்னொன்றும் தீர்க்கப்படவில்லை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் 2008இல் புதிய நிலையம் திறந்ததும் பழையதைப் பயணிகள் விமானங்களுக்கு மூடினார்கள். சென்னையில் இரண்டும் இயங்கும் என்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியலில் அப்படித்தான் செய்தார்கள். 1969இல் சுமார் 97,000 ஏக்கரைக் கையகப்படுத்தி, 1975இல் மிராபெல் நிலையத்தைத் திறந்து, வெளிநாட்டு விமானங்களை அங்கே அனுப்பிவிட்டு உள்நாட்டு விமானங்களை நகருக்கு அருகிலுள்ள பழைய டோர்வாலிலேயே விட்டார்கள். வாக்களித்த ரயில் பாதை வரவில்லை. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற யாரும் விரும்பாததால் விமானம் மாறிச் செல்லும் பயணிகள் டொராண்டோவுக்குப் போனார்கள். 2004இல் மிராபெலில் பயணிகள் சேவை நின்றது. எடுத்த நிலத்தில் பெரும்பகுதியை அதற்கு முன்பே விவசாயிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பரந்தூர் சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. பூந்தமல்லியிலிருந்து மெட்ரோ நீட்டிப்பு வரைபடத்தில் இருக்கிறது.

மீனம்பாக்கத்தில் இருக்கிற நிலத்திலேயே விரைவு வெளியேறு பாதைகளையும் 'பே'க்களையும் முடித்தால் மணிக்கு எத்தனை விமானம், எந்த ஆண்டுவரை தாங்கும் என்பதை விமான நிலைய ஆணையம் எண்களோடு வெளியிட வேண்டும். மச்சேந்திரநாதன் குழு அறிக்கையைத் தமிழில், வரைபடங்களோடு, திட்டப் பகுதியின் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் வைக்க வேண்டும். அதுவரை பரந்தூரில் இன்னொரு சர்வே எண்ணுக்குக்கூடப் பத்திரம் பதியக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.