ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஆடு மேய்க்கிறவரைக் கேளுங்கள்

மதுரைப் பக்கம் பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிவரும் வழிகாட்டிகளுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், முகமாக இல்லாவிட்டாலும் முதுகாக. காலை நாலரைக்கு லாட்ஜ் வாசலில் வேனோடு நிற்பவன் நான்தான். ஸ்கோப்பையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, டிக்கியத் திறங்க" என்பீர்களே, அந்த அண்ணன்.

உங்கள் வேலையைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. சாமநத்தம் கண்மாய்க் கரையில் உங்களில் ஒருவர் பைனாகுலரைக்கூட எடுக்காமல், "மூணாவது கருவேலம், தண்ணிக்கு மேல காஞ்ச கிளை" என்றார். நான் குச்சி என்று நினைத்தது தலையைத் திருப்பியது. பாம்புத்தாரா. கழுத்தை மட்டும் வெளியே நீட்டி அது நீந்துவதைப் பார்த்து, அத்தனை வருடமும் தண்ணீர்ப்பாம்பு என்றே நம்பிக்கொண்டிருந்தவன் நான். அன்றிலிருந்து வண்டியில் தூங்குவதை விட்டுவிட்டேன். நீங்கள் காட்டுகிற இடத்தையெல்லாம் நானும் பார்க்கிறேன். பார்த்ததால்தான் இந்த மடல்.

போன கார்த்திகையில் அழகர்கோயில் பக்கம் ஒரு மாந்தோப்பு. விடிகிற நேரம். ஆறுமணிக்குருவி ஒரே ஒரு முறை விசில் அடித்தது. வடக்கே இமயமலை அடிவாரம் வரைக்கும் கூடு கட்டுகிற பறவை அது, குளிருக்கு இங்கே வருகிறது. கூட்டிவந்தவர் சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு ஸ்பீக்கரை எடுத்துத் தரையில் வைத்தார். அதே விசில், ஆனால் சத்தமாக. குருவி சருகுக்குள்ளிருந்து தத்தி வெளியே வந்தது. தலையை மேலே தூக்கிக் கத்தியது, இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது. தன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று தேடுகிறது, பாவம். ஏழு பேருக்கும் படம் சரியாக விழும்வரை இருபது நிமிடம் பாட்டு ஓடியது. சருகைப் புரட்டிப் புழு தின்ன வேண்டிய நேரத்தில் அது இல்லாத எதிரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள்.

காசு கொடுத்து வந்தவர்களுக்குக் காட்டியாக வேண்டும், அந்த நெருக்கடி எனக்கும் புரியும். "ஒன்பது மணிக்குள்ள இன்னொரு எடம் போயிரலாமாண்ணே" என்று என்னையும்தான் விரட்டுகிறீர்கள். ஆனால் அரிட்டாபட்டியில் இந்த அவசரம் ஆகாது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி என்ற மூன்று வேட்டைப் பறவைகளையும் ஒரே மலையில் காட்டலாம் என்றுதான் ஆட்களைக் கூட்டிவருகிறீர்கள். அவை பாறை இடுக்கில் கூடு வைப்பதும், உங்கள் சீசனும் ஒரே காலம்: மார்கழி, தை, மாசி. கொம்பன் ஆந்தைக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். அது முட்டையை வெறும் பாறையில் வைக்கிறது. ஆள் நெருங்கித் தாய் எழுந்து பறந்தால், அப்புறம் முட்டைக்கு வெயில்தான் துணை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே வருகிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களில் ஒருவர் என் வண்டியில் இன்னொரு குழுவுக்குச் சொல்லித்தான் நானே கேட்டேன்.

அந்த மலைப்பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரக் கூடாது என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் 2025 ஜனவரியில் மதுரைக்குள் திரண்டு வந்தார்கள். அந்த மாதமே சுரங்க ஏலம் ரத்தானது. வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வாருங்கள், சிவகங்கைச் சீமை. அங்கே கொள்ளுகுடிப்பட்டியில் நாரைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. பிள்ளைகள் கையில் ஒரு கம்பி மத்தாப்பு, அவ்வளவுதான். அந்தக் கண்மாய்க் கரையிலும் ஒருநாள் ஒரு ஸ்பீக்கர் பாடியது. அங்கே நின்ற பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

சரி, ஸ்பீக்கர் இல்லாமல் எப்படிக் காட்டுவது? மேலூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் பக்கி என்கிற ராத்திரிப் பறவையைத் தேடி நாம் ஒன்றரை மணி நேரம் அலைந்தோம், ஞாபகம் இருக்கும். ஆடு மேய்க்கிற ஒருவர் வந்து, "என்ன சாமி தேடுறீக?" என்றார். சொன்னதும் முன்னால் நடந்தார். ஓரிடத்தில் நின்று, தொரட்டியைக் குறுக்கே நீட்டி நம்மைத் தடுத்தார். தொரட்டி முனையிலிருந்து நாலடியில் சருகோடு சருகாகப் பக்கி. கண் மட்டும் ஒரு கீற்று. "நேத்தும் இங்கனதான் படுத்திருந்துச்சு, ஆட்ட ஒதுக்கித்தான் ஓட்டுறேன்" என்றார். பத்து நிமிடத்தில் எல்லோரும் படம் எடுத்தாயிற்று, அது அசையவே இல்லை. பட்டியலில் பறவையின் பெயர் ஏறியது, படம் எடுத்தவர்கள் பெயர் ஏறியது. அவருக்குக் கிடைத்தது வண்டியில் மிச்சமிருந்த ஒரு பிஸ்கட் பாக்கெட். கொடுத்தது நான்தான், அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அவரைப் போல ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். கண்மாயில் மடை திறக்கிறவருக்கு எந்த மரத்தில் வக்கா அடைகிறது என்று தெரியும். கிடை போடுகிறவருக்கு ஆட்காட்டி எங்கே முட்டை வைத்திருக்கிறது, எந்தப் பக்கம் போகக் கூடாது என்று தெரியும். அவர்களுக்கு ஒரு நாள் கூலியை உங்கள் பேக்கேஜில் சேருங்கள். டீசலும் டோல்கேட்டும் போடுகிற அதே கணக்கில் இதுவும் ஒரு வரி. மாசி முடிகிறவரை பாறைக்கூடுகளை ஸ்கோப்பிலேயே தூரத்திலிருந்து காட்டுங்கள்; அதற்குத்தானே அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்?

என் பக்கத்து சீட்டில் இதுவரை உங்கள் கேமரா பைதான் உட்கார்ந்து வருகிறது. அடுத்த முறை அதைப் பின்னால் வைத்துவிடுகிறேன். யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்று முந்தின நாள் ராத்திரியே போனில் சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வேன் டிரைவர்,
மாட்டுத்தாவணி, மதுரை.