பைசல் பண்ணிய கடனுக்கு வட்டி: கிரெடிட் கார்டு பிரிவுக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் கார்டு வாடிக்கையாளர்,
வில்லாபுரம், மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
கிரெடிட் கார்டு பிரிவு.

நாள்: 23-10-2024

பொருள்: ஆகஸ்ட் 23 அன்று முழுத் தொகையும் கட்டி, கார்டை மூடச் சொன்ன பிறகும் வட்டியும் தாமதக் கட்டணமும் போட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் வில்லாபுரத்தில் வீட்டு மாடியில் தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்து, விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். என்னோடு மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். இந்த ஆண்டு ஜனவரியில் உங்கள் கார்டில்தான் இரண்டு பவர் மெஷினும் ஒரு ஓவர்லாக் மெஷினும் வாங்கினேன். வாங்கிய முதல் மாதத்திலிருந்தே முழுத் தொகையைக் கட்ட முடியவில்லை. கடைக்காரர்கள் சரக்கை எடுத்துக்கொண்டு பணத்தை அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று இழுப்பார்கள். அதனால் குறைந்தபட்சத் தொகையையும், கையில் இருந்தால் கூடக் கொஞ்சமும் கட்டி வந்தேன். மாதம் 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42 சதவீதம் வட்டி என்று தெரிந்துதான் கட்டினேன். அந்த ஏழு மாத வட்டியைப் பற்றி இந்தக் கடிதத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு மாதம்கூடத் தேதி தவறவில்லை என்பதை உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம்.

இந்த வட்டியிலிருந்து வெளியே வர வேண்டும் என்றுதான் ஆடியில் என் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். 18,000 தள்ளு போய் 82,000 ரூபாய் கைக்கு வந்தது. பதினெட்டாயிரத்தை விட்டு எடுக்கிறோமே என்று மனசு கேட்கவில்லை. ஆனால் கார்டு வட்டியைக் கணக்குப் பார்த்தால் இதுவே மேல் என்று வீட்டில் பேசித்தான் முடிவெடுத்தோம்.

ஆகஸ்ட் 8 ஸ்டேட்மெண்டில் மொத்தம் கட்ட வேண்டியது 64,380 ரூபாய், கடைசித் தேதி ஆகஸ்ட் 26 என்று இருந்தது. ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இன்றைக்கு எவ்வளவு கட்டினால் இந்தக் கார்டில் ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல் முடியும்?" எடுத்துப் பேசியவர் கணக்கைப் பார்த்துவிட்டு, "64,380 கட்டினால் போதும் மேடம்" என்றார். வேறு எதுவும் வராதே என்று திரும்பவும் கேட்டேன். வராது என்றார். லைனில் இருக்கும்போதே கட்டினேன். கார்டை மூடவும் அதே போனில் சொன்னேன். கோரிக்கை எண் கொடுத்தார், ஏழு வேலை நாளில் மூடிவிடுவோம் என்றார். அன்று சாயங்காலம் ஆப்பில் பார்த்தபோது பாக்கி பூஜ்யம் என்றே காட்டியது. கார்டைக் கத்தரியால் நான்காக வெட்டிக் குப்பையில் போட்டேன். என் மாமியார், "அப்பாடா, இனி நிம்மதியாத் தூங்கு" என்றார்.

அந்த நிம்மதி அக்டோபர் 18 வரைக்கும்தான் இருந்தது. அன்று இரவு எட்டே முக்கால் மணிக்கு ஒரு போன். தீபாவளி ஆர்டர் என்பதால் நான்கு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஒருவர், 2,249 ரூபாய் 65 பைசா பாக்கி, 26ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் ஆள் வீட்டுக்கு வருவார், சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) போய்விடும் என்றார். கார்டையே மூடிவிட்டேன் என்று சொன்னதற்கு, "வாங்கினா கட்டித்தான ஆகணும்" என்று குரலை உயர்த்தினார். என்னிடம் கூலி வாங்கும் மூன்று பேரும் மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பாக்கி வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை போட்டிருக்கிறது. அந்த நேரமும் அந்தக் குரலும் தவறு என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு உங்கள் கிளைக்குப் போனேன். கார்டு பிரிவு தனி, இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஆனால் கவுண்டரில் இருந்த ஒரு பெண் என்னை உட்காரவைத்து, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் எனக்கு இதை விளக்கியவர் அவர் ஒருவர்தான். முந்தைய மாதப் பாக்கி நின்றாலே வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை போய்விடும், அதற்கப்புறம் வட்டி தினமும் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்டேட்மெண்டில் இருப்பது அந்த 8ஆம் தேதி வரைக்கான கணக்கு மட்டும் என்றார். 64,380க்கு 42 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 74 ரூபாய் 8 பைசா. ஆகஸ்ட் 9 முதல் நான் கட்டிய 23 வரை 15 நாளுக்கு 1,111 ரூபாய் 22 பைசா. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 200 ரூபாய் 2 பைசா. ஆக 1,311 ரூபாய் 24 பைசா. இது செப்டம்பர் 8 ஸ்டேட்மெண்டில்தான் ஏறியிருக்கிறது. அந்த ஸ்டேட்மெண்ட் மெயிலில் வந்திருந்தது. மூடிய கார்டுக்கு என்ன வரப்போகிறது என்று நான் திறக்கவில்லை. கட்டாததால் அக்டோபர் 8 அன்று தாமதக் கட்டணம் 750, அதற்கு வரி 135, அப்புறம் 1,311 ரூபாய் 24 பைசாவுக்கு 30 நாள் வட்டி 45 ரூபாய் 26 பைசா, அதற்கும் வரி 8 ரூபாய் 15 பைசா.

பதினைந்து நாள் உங்கள் பணம் என்னிடம் இருந்தது உண்மை. அதற்கு வட்டி கேட்பதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். என் வருத்தம், கேட்டபோது அதைச் சொல்லவில்லை என்பதுதான். எங்கள் தெருமுனை அடகுக்கடையில் நகையைத் திருப்பப் போனால், அன்றைய தேதி வரை வட்டியைக் கூட்டி, மொத்தம் இவ்வளவு என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதைக் கட்டினால் நகை கைக்கு வந்துவிடும், கணக்கு முடிந்துவிடும். இரண்டு மாதம் கழித்து, அன்றைக்கு வட்டியில் கொஞ்சம் விட்டுப்போச்சு என்று யாரும் வீட்டுக்கு ஆள் அனுப்பியதில்லை. ஒரு நாளைக்கு 74 ரூபாய் என்று உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியும். எத்தனை நாள் என்றும் தெரியும். 65,691 ரூபாய் 24 பைசா கட்டுங்கள் என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதே நிமிடம் கட்டியிருப்பேன். சீட்டுப் பணத்தில் மீதி 17,620 ரூபாய் அப்போது என் கணக்கிலேயே இருந்தது.

என் தங்கை மகன் பி.காம். படிக்கிறான். அவனும் நானும் உட்கார்ந்து, ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று கிரெடிட் கார்டுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டு உத்தரவைப் படித்தோம். கட்டாமல் நிற்கும் கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக்கூடாது என்று அதில் இருக்கிறது. நீங்களோ 200 ரூபாய் 2 பைசா வரியையும் சேர்த்த தொகைக்குத்தான் 30 நாள் வட்டி போட்டிருக்கிறீர்கள். தொகை சிறியது என்று தள்ளிவிடாதீர்கள். என்னைப் போல எத்தனை பேர் கணக்கில் இப்படி ஓடுகிறதோ என்றுதான் எனக்குக் கவலை.

கார்டை மூடச் சொன்னால், பாக்கி இல்லாதபோது ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. ஆகஸ்ட் 23 சாயங்காலத்திலிருந்து செப்டம்பர் 8 வரை உங்கள் ஆப்பே பாக்கி பூஜ்யம் என்று காட்டியது. அதற்குள் ஏழு வேலை நாளும் முடிந்துவிட்டன. ஏன் மூடவில்லை? வட்டி பாக்கி இருக்கிறது, மூட முடியாது என்றாவது அந்த நாட்களில் ஒரு போன் செய்திருக்கலாம். வசூலுக்குப் போன் செய்ய ஆள் இருக்கிறதே. அந்த 500 ரூபாய்க் கணக்கை நான் இப்போது கேட்கவில்லை. நான் தைத்துச் சம்பாதிப்பவள், அபராதத்தில் சம்பாதிக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் நியாயம் கிடைக்காவிட்டால் அதையும் கேட்பேன்.

நேற்று, அக்டோபர் 22 அன்று, 1,311 ரூபாய் 24 பைசாவைக் கட்டிவிட்டேன். ரசீது நகல் இணைத்திருக்கிறேன். இந்தத் தொகையை ஆகஸ்ட் மாத வட்டிக்கும் அதன் வரிக்கும் மட்டுமே வரவு வைக்க வேண்டும். தாமதக் கட்டணத்துக்கு எடுத்துக்கொண்டு வட்டி இன்னும் பாக்கி என்று காட்டினால் இது எந்தக் காலத்திலும் முடியாது. மீதி 938 ரூபாய் 41 பைசாவை நான் கட்டப்போவதில்லை. அது உங்கள் ஆள் தவறாகச் சொன்னதால் முளைத்தது. அதை முழுதாக ரத்து செய்யுங்கள். நேற்று கட்டியதற்கும் அக்டோபர் 9 முதல் 22 வரை என்று நவம்பர் 8 அன்று ஒரு வட்டி வந்து நிற்குமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. அப்படி எதுவும் வராது என்று எழுத்தில் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஒரு தடவை பட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 23 அன்று பேசிய போன் பதிவை எடுத்துக் கேளுங்கள். கோரிக்கை எண்ணைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அந்தத் தம்பியைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருடைய திரையில் 64,380 என்றுதான் வந்திருக்கும், அதைத்தான் படித்துச் சொன்னார். கணக்கை முடிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அன்றைய தேதி வரை வட்டி சேர்த்த தொகை அந்தத் திரையில் வருகிற மாதிரி மாற்றுங்கள்.

சிபில் விஷயம் எனக்கு உயிர்நாடி. தை மாதம் தொழில் கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன், இன்னும் இரண்டு மெஷின் போட்டால் இரண்டு பெண்களுக்கு வேலை கொடுக்கலாம். ஒரு தொகையில் தகராறு இருக்கும்போது, அது தீருமுன் கட்டத் தவறியவர் என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குச் சொல்லக்கூடாது. ஏற்கெனவே சொல்லியிருந்தால் திரும்பப் பெற்று, அதற்கான கடிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். கார்டு மூடப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றிதழும் உங்கள் முத்திரையோடு வேண்டும்.

பில் பற்றிய புகாருக்கு 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்பது விதி. நவம்பர் 22க்குள் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் வைத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுப்பேன். அதுவரை வசூல் ஆட்கள் யாரும் எனக்குப் போன் செய்யக்கூடாது. பேச வேண்டும் என்றால் பகலில், நீங்களே பேசுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் ஸ்டேட்மெண்ட் நகல்கள், ஆகஸ்ட் 23, அக்டோபர் 22 ரசீதுகள், ஆகஸ்ட் 23 அன்று பூஜ்யம் காட்டிய ஆப்பின் ஸ்கிரீன்ஷாட், கிளையில் எழுதித் தந்த கணக்குத் தாள், கோரிக்கை எண்.