ஃபார்மேட் போடும் முன் பயாஸைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

தருமபுரி, பாலக்கோடு பக்கம் பழைய டெஸ்க்டாப் 'நோ பூட்டபிள் டிவைஸ்' (துவக்குவதற்கான டிஸ்க் கிடைக்கவில்லை) என்று நின்றாலே ஃபார்மேட் போடச் சொல்கிறார்கள். கோப்பெல்லாம் போய்விடும், பல நேரம் ஹார்ட் டிஸ்க்கில் கோளாறே இருக்காது.

முதலில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டிலுள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருக்கும். 3 வோல்ட் பொத்தான் பேட்டரிதான். அது தீர்ந்தபின் கரண்ட் போனால் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) செட்டிங்குகள் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும். பேட்டரியை மாற்றியதோடு விட்டால் போதாது. டிஸ்க்கின் பிரிவினை அமைப்பு ஜி.பி.டி. என்றால் பயாஸில் பூட் முறையை (விண்டோஸைத் துவக்கும் விதம்) யு.இ.எஃப்.ஐ. என்றும், பழைய எம்.பி.ஆர். என்றால் லெகசி என்றும் வைக்க வேண்டும். நீலத்திரை வந்தால் சாட்டா முறை (கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் விதம்) மாறியிருக்கலாம். விண்டோஸ் ஏற்றியபோது ஏ.எச்.சி.ஐ. என்ற முறை இருந்தால் அதையே வையுங்கள்.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப்பா? அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லாமல் பயாஸில் கை வைக்காதீர்கள்.

– வாசகர், பாலக்கோடு