வீட்டு மொழி தெரிந்த ஒருவர் வகுப்பறையில் வேண்டும்: கூடலூர் வட்டத்திலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
பெற்றோர் உறுப்பினர்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
கூடலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: பழங்குடிக் குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிகளில், முதல் மூன்று வகுப்புகளுக்கு அவர்களின் வீட்டு மொழி அறிந்த உதவியாளர்களை அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வகுப்பில் பழங்குடிகளான பணியர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, மலையாளம் பேசும் வீட்டிலிருந்து வருபவர்களும் உண்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய எங்களைப் போன்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். 1877 வரை இந்த மண் வயநாட்டோடு இருந்தது. எத்தனையோ மொழிகள் இங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கின்றன. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் மட்டும் ஒரே மொழிதான்.

கடந்த ஜூலையில் குழுக் கூட்டத்துக்குப் போனபோது ஒன்றாம் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியை தேன்கூட்டுப் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். காட்டுநாயக்கர் வீட்டுப் பையன் ஒருவன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து “ஜேனு” என்றான். “தப்பு, தேன்னு சொல்லு” என்றார் ஆசிரியை. அவன் உட்கார்ந்தான். மணி அடிக்கும் வரை வாய் திறக்கவில்லை. அவன் அப்பா மரமேறித் தேன் எடுப்பவர். அந்த வகுப்பிலேயே தேனைப் பற்றி அதிகம் தெரிந்தவன் அவன்தான்.

ஆசிரியை மீது நான் புகார் சொல்லவில்லை. அவர் சமவெளியிலிருந்து வந்தவர், பிள்ளைகள் மேல் பிரியமானவர். “அவன் சொன்னது அவங்க பாஷையில தேன்தான்னு எனக்குத் தெரியாதேம்மா” என்று பிறகு கண் கலங்கினார்.

அன்று மதியமே இன்னொன்றையும் பார்த்தேன். சத்துணவுக் கூடத்தில் உதவிக்கு இருக்கும் அக்கா அந்தப் பையனின் காலனியைச் சேர்ந்தவர். தட்டை ஏந்திக்கொண்டு நின்றவன், அவரிடம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். வகுப்பில் ஊமையாக இருந்த பிள்ளையா இது என்று இருந்தது. நாங்கள் தேடும் ஆள் பள்ளி வளாகத்திலேயே இருக்கிறார், வகுப்பறைக்குள் அவருக்கு இடமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சிறுவயதில் என்னை ‘சிலோன்காரி’ என்று கூப்பிட்டார்கள். என் மொழி தமிழ்தான் என்பதால் எப்படியோ படித்து மேலே வந்துவிட்டேன். இந்தப் பிள்ளைகளைச் சமூகப் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள், பாடமும் அவர்களுக்குப் புரிவதில்லை. காப்பி பறிக்கும் மாதங்களில் பெற்றோரோடு தோட்டத்துக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் பிறகு பள்ளிக்குத் திரும்புவதே இல்லை. வகுப்பில் தனக்கென்று பேச ஒருவர் இருந்தால் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29, இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. பிரிவு 17 குழந்தைகளை மனதளவில் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. ஒடிசா மாநிலம் 21 பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி நடத்துகிறது. ‘மிகவும் நலிந்த பழங்குடிகள்’ என்று அரசு வகைப்படுத்தியுள்ள தமிழ்நாட்டின் ஆறு சமூகத்தினரும் வாழும் நீலகிரியில் இதைத் தொடங்காமல் வேறு எங்கே தொடங்குவது?

எனவே, கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பழங்குடிக் குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிகளில், அந்தந்தக் காலனியைச் சேர்ந்த ஒருவரை முதல் மூன்று வகுப்புகளுக்கு மாத ஊதியத்துடன் உதவியாளராக அமர்த்த வேண்டுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறார்கள், படிப்புத் தகுதியைக் காட்டி அவர்களை ஒதுக்கிவிட வேண்டாம். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களுக்கு இங்குள்ள மொழிகளில் அன்றாடச் சொற்களையாவது கற்றுத்தர ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளைகளைச் சமூகப் பெயரால் அழைக்கக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்து மூலம் உத்தரவிடவும் வேண்டுகிறேன்.

அடுத்த கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதற்குள் எங்கள் பள்ளியிலாவது இதைத் தொடங்கிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)