ஆண் பிள்ளைகளிடம் பேச ஏற்ற இடம் விளையாட்டு மைதானம்

ஆசிரியருக்கு,

பாலியல் வன்முறைச் செய்தி வரும்போதெல்லாம் தண்டனையைக் கடுமையாக்கச் சொல்கிறோம். அந்த வன்முறையைப் ‘பெரிய விஷயமில்லை’ என்று ஏற்கும் மனம் எங்கே உருவாகிறது என்று கேட்பதில்லை.

முரட்டுத்தனமே ஆண்மை என்று நம்பும் ‘மிகை ஆண்மை’யை அளக்க 1984-இல் மோஷர், சிர்கின் என்ற உளவியலாளர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய 30 இணைக் கூற்றுகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினர். அது மூன்றைப் பார்க்கிறது: பெண்ணிடம் இரக்கமற்ற பாலியல் நோக்கு, அடிதடிதான் ஆண்மை என்ற எண்ணம், ஆபத்தில் கிளர்ச்சி. 2002-இல் ஆய்வாளர் முர்னெனும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாலியல் வன்முறையோடு வலுவான தொடர்பு காட்டியவற்றில் இந்த அளவுகோலும், பெண் மீது பகை கொண்ட ஆண்மையும் முன்னால் நின்றன. மீசையும் உடற்பயிற்சியும் குற்றமல்ல. ‘அவளை அடக்கினால்தான் ஆம்பளை’ என்பதுதான் நஞ்சு.

ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் ஒரு மணி நேர உரை நிலைக்காது. குற்றவாளிகளைப் போலப் பேசினால் பையன்கள் காதை மூடிக்கொள்வார்கள். அமெரிக்காவின் சாக்ரமெண்டோ பகுதிப் பள்ளிகளில் விளையாட்டுப் பயிற்சியாளர்களே பெண்களை மதிப்பது பற்றி வாரம் சுமார் 15 நிமிடம், ஒரு விளையாட்டுப் பருவம் முழுக்கப் பேசினர். ஓராண்டு கழித்து, அந்த மாணவர்கள் தோழியரிடம் அத்துமீறியது இப்படிப் பேசாத மற்றப் பள்ளி மாணவர்களைவிடக் குறைவு. மும்பையில் கிரிக்கெட் பயிற்சியாளர்களை வைத்து இம்முறை முயலப்பட்டது.

நம் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பள்ளிக்கல்வித் துறை இப்பயிற்சியைத் தர வேண்டும். கூட்டாளி ஆபாசமாகக் கேலி செய்தால் சிரிக்காமல் ‘நிறுத்துடா’ என்று சொல்லப் பழக்குவதிலிருந்து தொடங்கலாம். மற்றவர்களும் உள்ளுக்குள் கூசுகிறார்கள் என்பது பல பையன்களுக்குத் தெரிவதேயில்லை.

வாசகர், திருச்சி