எல்லாப் பேனாவும் ஒரே தொழிற்சாலையிலா பிறக்கும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தன்கதையைப் படித்திருப்பீர்கள். "நான் ஒரு பேனா, ஒரு தொழிற்சாலையில் பிறந்தேன்" என்று தொடங்கும், நடுவில் ஒரு சிறுவன் வாங்குவான், கடைசியில் குப்பைத்தொட்டி. தலைப்பைக் குடை, காலணி என்று மாற்றினாலும் எல்லாம் அதே தொழிற்சாலையில்தான் பிறக்கின்றன! மாதிரிக் கட்டுரையை மனனம் செய்தால் வேறென்ன வரும்? யூபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வு இருந்தவரை புள்ளிக்காக என்றோம், சரி. அதைத்தான் 2021-லேயே எடுத்துவிட்டார்களே.

வெறும் தலைப்பைக் கொடுக்காமல் கதையின் நடுவில் பிள்ளையை இறக்கிவிடுங்கள். பட்டர்வொர்த் ஃபெரியில் யாரோ விட்டுப்போன பைக்குள் ஏதோ அசைகிறது, அப்புறம்? கொம்தார் கோபுரத்தின் மின்தூக்கியில் உன்னோடு ஒரு பாட்டியும் அவர் மடியில் ஒளித்து வைத்திருக்கும் சேவலும் மாட்டிக்கொண்டால்? இப்படி ஒரு வரி போதும், வகுப்பே பேச ஆரம்பித்துவிடும். பேசட்டும், பக்கத்தில் இருப்பவனிடம் கதையைச் சொல்லிப் பார்த்த பிள்ளைக்கு எழுதும்போது வார்த்தை தடுக்காது. முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் படம் வரைந்துவிட்டுக் கீழே இரண்டு வரி எழுதினாலே நிறைவு.

முதல் தடவை எழுதியதில் சிவப்பு மை வேண்டாமே. லகர, ளகரப் பிழையை இரண்டாம் முறை எழுதும்போது திருத்திக்கொள்ளலாம். சேவல் எப்படித் தப்பித்தது என்று முதலில் கேளுங்கள், ஆசிரியர்களே.

உங்கள் நாளிதழின் மாணவர் பகுதியிலும் வாரம் ஒரு தொடக்க வரி போட்டு, வரும் கதைகளைப் பெரியவர்கள் கை வைக்காமல் அப்படியே அச்சிட முடியுமா?

ஒரு பெற்றோர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு